காரணம் எண் மூன்று

ஜனவரி ஆறாம் தேதி, கடை திறந்த கையோடு
கிறிஸ்துமஸ் மரத்தை இழுத்துக்கொண்டு வந்தாள் ஒருத்தி.
வாசலிலிருந்து மேசைவரை காய்ந்த ஊசியிலை.
"செத்துப்போச்சு" என்றாள்.
வெட்டின மரம் சாகாமல் என்ன செய்யும் என்று கேட்க
எனக்கு அனுமதி இல்லை.
என் தலைக்கு மேல் பலகை, பச்சை எழுத்து:
திருப்தி இல்லையா? எப்போது வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள்.
முப்பத்தொன்பது டாலர். இங்கே ஒரு கையெழுத்து.

இது டுலூத். ஏரி உறைகிற ஊர்.
ஹால்வர்சன் கடையின் பின்பக்கம்,
டயர் வாசனை அடிக்கும் மூலையில்
பதினோரு வருஷமாக என் மேசை.

எலும்பு மட்டும் மிஞ்சிய வறுத்த கோழி வந்திருக்கிறது
(உப்பு கரித்ததாம்).
கால்பந்து இறுதியாட்டத்துக்கு மறுநாள் காலை
திரையில் சாஸ் கறையோடு
எழுபது அங்குல டிவி வந்திருக்கிறது.
ஒன்பது வருஷம் மிதித்த பூட்ஸ், உள்ளே ஈரமாய் ஒரு காலுறை.
பூட்ஸை எடுத்துக்கொண்டேன்.
காலுறை எங்கள் கடையில் வாங்கியதல்ல,
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கணினி கேட்கும்: காரணம்?
ஒன்று, அளவு சரியில்லை.
இரண்டு, பழுது.
மூன்று, மனம் மாறியது.
'தேவை முடிந்தது' என்று நாலாவதாக ஒன்று இருந்திருந்தால்
அந்தப் பொத்தான் எப்போதோ
தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கும்.

ரெய்னோ லாக்சோனன் ஏப்ரலில் வருவார்,
பனி உடைந்து முதல் கப்பல் ஊதுகிற வாரத்தில்.
தோளில் பனி அள்ளும் வாரி.
"கனமா இருக்கு."
மூன்றை அழுத்துவேன்.
நவம்பரில் தள்ளுபடி மூலையில் அதே வாரியைத் தேடி எடுத்து
பாதி விலைக்கு வாங்கிப் போவார்.
பிடியில் நாய் கடித்த தடம், அவருடைய நாய்தான்.
ஆறு குளிர்காலம்.
கடை அவருக்குப் பரண்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசிக்கொள்வோம்.

என்னை நல்லவளென்று நினைத்துவிடாதீர்கள்.
அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் போட்டிருந்த கறுப்பு உடை
இந்தக் கடையில் எடுத்தது. எண்பத்து நாலு டாலர்.
விலைச்சீட்டை அறுக்கவில்லை,
பிடரிக்குள் செருகிக்கொண்டேன்.
பிரார்த்தனை முழுக்க அட்டையின் முனை
ஒரே இடத்தைக் கீறிக்கொண்டிருந்தது.
அழுதேனா, நினைவில்லை.
அரித்தது நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை இதே மேசைக்கு
அந்தப் பக்கமாக வந்து நின்றேன்.
பா ஹுவாதான் பணியில் இருந்தாள்.
மடிப்பை விரித்தாள். தோளில்
என்னைக் கட்டிக்கொண்ட யாருடையதோ முகப்பவுடர்.
புறங்கையால் தட்டிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமலே
மூன்றை அழுத்தினாள்.

இந்த மார்ச்சில் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.
இனி தொண்ணூறு நாள், ரசீது, பிரிக்காத பெட்டி.
பலகை இருந்த இடத்தில் மட்டும்
சுவர் புதுசாக இருக்கிறது.
முதல் வாரம் கெட்ட வார்த்தைகள் நிறையக் கிடைத்தன.
அவற்றைத் திருப்பிக் கொடுக்க எந்த மேசையும் இல்லை.

ஏப்ரலில் ரெய்னோ.
புது அறிவிப்பைத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.
"நூற்று நாற்பத்தெட்டு நாள் ஆச்சு" என்றேன்.
"சரிதான்" என்றார்.
ஆனால் வாரியை எடுக்கவில்லை.
பின்னால் வரிசை இருமியது.
"வைக்க இடமில்லை" என்றார்,
ஆறு வருஷத்தில் முதல் உண்மை.

பில் காகிதத்தைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன்:
வாரி ஒன்று. பிடியில் பல் தடம். நவம்பர்.
பணம் ஏதும் கைமாறவில்லை.
காரணம் எழுத இடமும் விடவில்லை.
நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்,
காசோலையை வைப்பதுபோல.

இப்போது ஜூலை.
என் காரின் பின்பெட்டியில், ஏரிச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும்
அது ஒருமுறை
புரண்டு படுக்கிறது.